மூச்சுத் துளை

நவம்பர் 8, வெள்ளி. முதல் நாள்

காலை 5.40 பஸ்ஸில் ஆனைமலை அம்மன் கோயிலுக்குப் போனேன், நியாயம் கேட்டு மிளகாய் அரைத்துப் பூச. மிளகாய் வீட்டிலிருந்தே கொண்டுபோனேன். மொட்டை மாடியில் நானே காய வைத்தது, காம்பு கிள்ளியது. கோயிலில் வாங்கும் மிளகாய் நமுத்திருக்கும், அதில் காரம் போதாது.

எனக்கு முன்னால் ஒரு பெண் அழுதுகொண்டே அரைத்தாள். எனக்கு அழுகை வரவில்லை. மிளகாய் நெடிக்குக்கூட வரவில்லை. ஆட்டுக்கல்லைச் சுற்றி நிற்பவர்களுக்கு முறை சொல்லிக் கொடுக்கிற அம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பேரு சொல்லாதீங்க அம்மிணி. என்ன பண்ணுனாங்கன்னு மட்டும் சொல்லிப் பூசுங்க. ஆருன்னு அவளுக்குத் தெரியும்."

அம்மனுக்கான கல்லில் விழுதைப் பூசிக்கொண்டே நான் சொன்னது இதுதான்: "அந்தப் பள்ளிக்கூடத்து காஸ் லைனைக் கெடுத்தது ஆரோ, அவங்களைக் கேளு தாயே. தொண்ணூறு நாளுக்குள்ள கேளு."

பேர் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும், தாய்க்கும் தெரியும். நாச்சிமுத்து. எங்கள் வீட்டுக்காரர் குழந்தைவேலுவோடு பதினோரு வருஷம் கூட்டு வேலை செய்தவன். என்னை அக்கா என்பான், அவரை மாமா என்பான். இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்தப் பள்ளிக்கூடத்து லேபுகளுக்குத் தரைக்கடியில் இரும்புக் குழாய் போட்டார்கள். நாலே மாதம். ஒரு ஜாயிண்டில் கசிந்து, லேபில் அடுப்பு பற்ற வைத்த மரகதம் என்ற பெண்ணுக்கு வலது கையும் கழுத்தும் வெந்துபோயின. நிர்வாகம் விசாரித்தபோது நாச்சிமுத்து எல்லார் முன்னாலும், "ஜாயிண்ட் எல்லாம் மாமா கைவேலைங்க" என்றான். அவர் வாயே திறக்கவில்லை. அன்றோடு அவருக்கு வேலை போயிற்று. இப்போது கொப்பரைக் களத்தில் காக்கா ஓட்டுகிறார். வண்டி, டூல்ஸ் பெட்டி, வாடிக்கை எல்லாம் நாச்சிமுத்துவிடம்.

அந்த லைனைச் சோதனை பண்ணின மாசி வெள்ளிக்கிழமை நான் குண்டத்துத் தீமிதி பார்க்கக் கோயிலில் இருந்தேன். எனக்கு அதில் ஒன்றும் தெரியாது.

விரல் எரிச்சலுக்குத் தயிர் தடவினேன். வீட்டு சிலிண்டர் இன்று மாற்றினேன். தேதியைச் சாக்கட்டியால் எழுதி வைத்தாயிற்று.

நவம்பர் 13, புதன். ஆறாம் நாள்

நாச்சிமுத்துவின் வண்டி உடுமலை ரோட்டில் பஞ்சர். ஒரே நாளில் இரண்டு தடவை. பால்காரர் சொன்னார்.

நவம்பர் 19, செவ்வாய். பன்னிரண்டாம் நாள்

அவனுக்குப் பல்வலி, கன்னம் வீங்கிப் போயிற்றாம். தாய் சிறுகச் சிறுக ஆரம்பிக்கிறாள். பல்லோடு நிறுத்திவிடாதே தாயே.

நவம்பர் 25, திங்கள்

வீங்கின கன்னத்தோடு அவனே என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு.

"அக்கா, நல்லாருக்கீங்களா?"

"இருக்கறோம். உள்ள வா."

மோர் கொடுத்தேன். கறிவேப்பிலை கிள்ளிப் போட்டேன். பகையாளி என்பதற்காக வெறும் மோர் கொடுத்தால் போகிற இடமெல்லாம் என் மோரைப் பற்றிச் சொல்வான்.

பள்ளிக்கூடத்தில் பழைய இரும்புக் குழாயை எடுத்துவிட்டு நாலு லேபுக்கும் புது லைன் போடுகிறார்களாம். வளைகிற குழாய். பாம்பு மாதிரி சுருளாக வருகிறது. உள்ளே நெளிநெளியாக எவர்சில்வர், அதற்கு மேல் கறுப்புச் சட்டை. சிலிண்டர் ஷெட்டிலிருந்து லேப் வரைக்கும் ஒரே துண்டு, தரைக்கடியில் ஒரு ஜாயிண்ட்கூடக் கிடையாது என்றான். வேலை இவனுக்குக் கிடைத்திருக்கிறது.

மடியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வைத்தான். கம்பெனிப் புத்தகம், நாற்பது பக்கம், முழுக்க இங்கிலீஷ்.

"எனக்கு இங்கிலீசுன்னா வாசல்லயே காலு பின்னிக்குதுங்கக்கா. நீங்க படிச்சு எனக்குச் சொல்லோணும். தினமும் வேலை என்ன நடந்துச்சு, கேஜ் என்ன காட்டுதுன்னு நோட்டுப் போடோணும்னு பிரின்சிபால் அம்மா சொல்லிட்டாங்க. உங்க எழுத்துன்னா மறுபேச்சு இருக்காது."

நான் படித்தது எட்டாவது வரைக்கும். மீதியெல்லாம் அகராதியை வைத்துக்கொண்டு, அவர் கொண்டுவந்த கம்பெனிப் புத்தகங்களைப் பார்த்து நானாகக் கற்றுக்கொண்டது. பதினோரு வருஷம் அவர்களுடைய நோட்டை நான்தான் எழுதினேன்.

"மாமா என்ன சொல்லுவாரோ" என்றேன்.

"மாமாகிட்டக் கேட்டுட்டுத்தானுங்க வந்தேன்." டம்ளரைக் கீழே வைத்தான். "ஒண்ணே ஒண்ணுங்கக்கா. இந்தத் தடவை நீங்களே நேர்ல வந்து கேஜைப் பாத்து எழுதுங்க. ஆரு சொல்லியும் எழுத வேண்டாம்."

எனக்கு நோட்டு எழுத இவன் சொல்லிக் கொடுக்கிறான்.

சரி என்றேன். தாய் அவனைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளி என் வாசலில் விட்டிருக்கிறாள். நான் வேண்டாம் என்று சொல்வேனா?

நவம்பர் 29, வெள்ளி

வாரம் பூராவும் புத்தகம். காலையில் இட்லி ஊற்றிவிட்டு, அவரைக் களத்துக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்தால் பதினொன்று வரைக்கும். எவ்வளவுக்கு மேல் வளைக்கக் கூடாது என்று ஒரு அட்டவணை. தாம்புக் கயிற்றை வளைத்துப் பார்த்துப் புரிந்துகொண்டேன். குழாய்க்கு அடியில் மணல், மேலே ஒரு சாண் விட்டு மஞ்சள் நாடா. பிற்பாடு யாராவது தோண்டினால் முதலில் நாடா கண்ணில் படும்.

பதினான்காம் பக்கத்தில்தான் ஒரு வார்த்தை பிடிபடவில்லை. அகராதியில் ஏழெட்டு அர்த்தம். படத்தைப் பார்த்துப் பார்த்துக் கடைசியில் விளங்கியது. குழாய்க்கும் அதன் கறுப்புச் சட்டைக்கும் நடுவே சன்னமான வழி விட்டிருக்கிறார்கள். எப்போதாவது உள்குழாய் கசிந்தால், காஸ் மண்ணுக்குள் போகாமல் அந்த வழியாகவே ஓடி, லேபின் வெளிச்சுவரில் ஒரு சின்னத் துளை வழியாகத் திறந்த வெளிக்குப் போய்விடும். லேபுக்குள் இருக்கும் முனையை இறுக்கி அடைக்க வேண்டும். வெளியே இருக்கும் துளையை எந்தக் காலத்திலும் அடைக்கக் கூடாது. அடைத்தால் கசிகிற காஸ் போக்கிடம் இல்லாமல் லேபுக்குள்ளேயே வழி தேடும். இந்த வரியைக் கட்டம் போட்டு அச்சடித்திருக்கிறார்கள்.

மனுஷனுக்கு மூக்கு மாதிரி. மூச்சுத் துளை என்று பேர் வைத்தேன். நல்ல பேர்.

டிசம்பர் 2, திங்கள்

பள்ளிக்கூடத்து சைக்கிள் ஷெட்டில் உட்கார்ந்து நாச்சிமுத்துவுக்கு எட்டுப் பக்கம் படித்துச் சொன்னேன். நன்றாகக் கேட்கிறான். ஒரு தடவை சொன்னால் மறப்பதில்லை. சொல்லாததைத் தானாக ஊகிப்பதும் இல்லை.

டிசம்பர் 4, புதன்

பதிமூன்றாம் பக்கம் வரைக்கும் ஆயிற்று. கண் எரிச்சல். அதோடு நிறுத்திவிட்டேன்.

டிசம்பர் 5, வியாழன்

பதினைந்திலிருந்து இருபத்திரண்டு வரைக்கும்.

டிசம்பர் 9, திங்கள்

பள்ளம் தோண்டி முடிந்தது. ஆழம் நாலு இடத்தில் அளந்தேன்: இரண்டடி, இரண்டடி, இரண்டடி ஓரங்குலம், ஒன்றே முக்கால். ஒன்றே முக்காலை மறுபடி தோண்டச் சொன்னேன். தோண்டினார்கள்.

தினம் நோட்டில் எனக்குக் கீழே பள்ளிக்கூடத்துத் தரப்பில் கையெழுத்துப் போடுவது மரகதம். அதே மரகதம்தான். வலது கை விரல்கள் மடங்கினபடியே இருக்கின்றன. இடது கையால் போடப் பழகியிருக்கிறாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்து மாதிரி இருக்கிறது.

"நிர்வாகத்துல ஆபீஸ் வேலை தர்றேன்னாங்கக்கா. நாந்தான் லேபே போதும்னுட்டேன். பயந்துக்கிட்டு எத்தன நாளைக்கு இருக்கறது?" என்றாள். "இப்ப நீங்க வேற வந்து உக்காந்திருக்கறீங்க. எனக்கு அதே தைரியம்."

புளிசாதம் கொண்டுபோயிருந்தேன். பாதி அவளுக்குக் கொடுத்தேன். இவளுக்காகவும் சேர்த்துத்தான் நான் இதெல்லாம் செய்கிறேன்.

டிசம்பர் 13, வெள்ளி. கார்த்திகை தீபம்

இருபத்தேழு விளக்கு. காற்றே இல்லை, ஒன்றுகூட அணையவில்லை.

அவர் படியில் உட்கார்ந்து விளக்கைப் பார்த்துக்கொண்டே, "புதுக் குழாய் எப்படி இருக்குது?" என்றார். வேலையைப் பற்றி அவர் வாயைத் திறந்தது இரண்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

சொன்னேன். சுருள், எவர்சில்வர், சட்டை.

"சட்டைக்குள்ள கசிஞ்சா வெளிய போக வழி வெச்சிருக்கறானா?"

புத்தகத்தைப் பார்க்காமலே கேட்கிறார். அவருக்குக் கைக்குள் இருக்கிறது தொழில். இந்த மனுஷனைத்தான் காக்கா ஓட்ட விட்டான்.

"எல்லாம் புத்தகத்துல இருக்குதுங்க" என்றேன்.

டிசம்பர் 18, புதன். நாற்பத்தோராம் நாள்

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

கெமிஸ்ட்ரி லேப் வெளிச்சுவரில் குழாய் முனையை மாட்டினான். முனையின் பக்கவாட்டில் பென்சில் நுழைகிற அளவுக்குத் துளை. நாச்சிமுத்து குனிந்து பார்த்தான். ஊதிப் பார்த்தான்.

"அக்கா, இந்த ஓட்டை என்னத்துக்கு? புத்தகத்துல ஏதாச்சும் போட்டிருக்குதுங்களா?"

நான் பொய் சொல்லக் கூடாது. மாலை போட்டிருக்கிறேன், மார்கழி வேறு. புத்தகத்தில் ஓட்டை என்கிற வார்த்தை எங்கேயும் இல்லை. நன்றாக நினைவிருக்கிறது.

"ஓட்டைன்னு எங்கயும் போடலை" என்றேன்.

"அப்ப கம்பெனிக்காரன் டெஸ்டுக்கு விட்டிருப்பான். இப்படியே விட்டா மழைத் தண்ணி எறங்கும், எறும்பு கூடு கட்டும்." அடைப்புப் பசையான எம்சீலை உள்ளங்கையில் வைத்து உருட்டினான். "நாம அடைக்காத ஓட்டையாங்கக்கா? ஓட்டையை அடைச்சே வயித்தைக் கழுவுறவன் நானு."

சிரித்தான். நானும் சிரித்தேன்.

நாலு லேபிலும் நாலு. கட்டைவிரலால் அழுத்தி, தண்ணீர் தொட்டு வழவழப்பாக்கினான். நல்ல வேலைக்காரன்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை.

யாருக்கும் ஒன்றும் ஆகாது. அரசாங்க இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துச் சரி என்று எழுதினால்தான் காஸே திறப்பார்கள். அவர் முதலில் தேடுவது இந்தத் துளையாகத்தான் இருக்கும். கட்டம் போட்டல்லவா அச்சடித்திருக்கிறார்கள். நாச்சிமுத்துவைக் கூப்பிடுவார். எல்லார் முன்னாலும் கேட்பார். அவன் வாய் திறக்க முடியாமல் நிற்பான். எனக்கு அது போதும்.

டிசம்பர் 24, செவ்வாய்

நாலு முனையையும் மூடிச் சுவரை ஒட்டி சிமெண்ட் மேடை கட்டி டைல்ஸ் பதித்துவிட்டான். பிரின்சிபால் அம்மா பார்த்து, பிள்ளைகள் உட்காரவும் ஆயிற்று என்று சந்தோஷப்பட்டார்கள். இனி உடைத்தால் டைல்ஸோடுதான்.

ஜனவரி 4, சனி

இருபத்துநாலு மணி நேரச் சோதனை. குழாயில் காற்றை ஏற்றி அழுத்தம் காட்டும் கேஜை மாட்டி விடுவது; முள் இறங்கினால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். நேற்றுக் காலை பத்து: 4.0. இன்று காலை பத்து: 4.0. ஒரு நூலளவும் இறங்கவில்லை. நானே நேரில் போய், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு தடவை பார்த்து எழுதினேன்.

இந்தத் தடவை.

ஜனவரி 10, வெள்ளி. வைகுண்ட ஏகாதசி

விரதம். காலையிலேயே நாச்சிமுத்து வந்தான். உள்ளே வரவில்லை. செய்தித்தாளில் சுற்றின ஒன்றைக் கொடுத்தான். பழைய நோட்டு. இரும்புக் குழாய் போட்டபோது நான் எழுதினது. பரணில் இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டுங்கக்கா. என்ற வீட்டுல இதை வெச்சுக்க என்னமோ மாதிரி இருக்குது."

"உன்கிட்ட எப்படி வந்துச்சு?"

"மாமா குடுத்து வெச்சது."

வேறு எதுவும் சொல்லாமல் போய்விட்டான். பிரிக்கவில்லை. சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? எல்லா வரிசையும் நிரப்பியிருக்கும். நான் எந்த வரிசையையும் காலியாக விட்டதில்லை. கேஜை யாராவது பார்த்திருப்பார்கள்.

பார்த்திருப்பார்கள்.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

பால் கிழக்கே பொங்கியது.

ஜனவரி 22, புதன். எழுபத்தாறாம் நாள்

இன்ஸ்பெக்டர் 31ஆம் தேதி வருகிறார். துணி துவைக்கும்போதெல்லாம் அந்த நாளை நினைத்துக்கொள்கிறேன். அவர் மேடையைத் தட்டிப் பார்ப்பார். "இதற்கடியில் துளை எங்கே?" என்பார். நாச்சிமுத்து என்னைத் திரும்பிப் பார்ப்பான். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சம்மட்டி கொண்டுவரச் சொல்வார்கள். அவன் பதித்த டைல்ஸை அவனே உடைப்பான். பிள்ளைகள் ஜன்னலில் நின்று பார்க்கும். மறுநாள் ஊரில் ஒருத்தரும் அவனுக்கு ஒரு குழாய்கூட மாட்டக் கொடுக்கமாட்டார்கள்.

நினைக்க நினைக்கத் துணி வெள்ளையாகிறது.

ஜனவரி 31, வெள்ளி

இன்ஸ்பெக்டர் வரவில்லை. பன்னிரண்டாம் தேதிக்குத் தள்ளிப் போட்டுவிட்டாராம்.

பிளஸ் டூ செய்முறைத் தேர்வு ஏழாம் தேதி. பிரின்சிபால் அம்மா எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். மேஜையில் என் நோட்டு திறந்திருந்தது.

"இவ்வளவு சுத்தமா ஒரு நோட்டை நான் பார்த்ததில்ல. நாம அஞ்சாம் தேதி காலைல காஸைத் திறந்துடலாம். ஒரு நாள் ஓட்டிப் பார்த்தா பிள்ளைங்களுக்குப் பிரச்சினை இருக்காது. இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கறப்ப பார்க்கட்டும். வசந்தாமணியம்மா, கடைசியா 'எல்லாம் சரி'ன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க. எனக்கு அது போதும்."

"அக்கா எழுதுனா எனக்கு அது சாமி வாக்குங்க" என்றான் நாச்சிமுத்து.

மரகதம் வாசலில் நின்றிருந்தாள். முதல் அடுப்பை அவள்தான் பற்ற வைப்பாளாம். அவளே கேட்டு வாங்கிக்கொண்டாளாம்.

ஐந்தாம் தேதி தொண்ணூறாம் நாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

புதுக் குழாய் கசியாது. 4.0 இருந்தது, நானே பார்த்தேன். கசிந்தால்தானே துளை வேண்டும்? பன்னிரண்டாம் தேதி வரைக்கும் ஒரு வாரம்தான். ஒரு வாரத்தில் என்ன ஆகிவிடும்?

அரிசியில் கல் பொறுக்கினேன். பொறுக்கினதையே மறுபடி பொறுக்கினேன்.

பிப்ரவரி 4, செவ்வாய். எண்பத்தொன்பதாம் நாள்

அவர் சாயங்காலம் களத்திலிருந்து வந்து கை கால் கழுவினார். சோளப் பணியாரம் சுட்டு வைத்திருந்தேன். என்னால் அடக்க முடியவில்லை. நாச்சிமுத்து துளையை அடைத்தது, மேடை கட்டியது, பன்னிரண்டாம் தேதி சம்மட்டி வரப் போவது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உங்களை நிற்க வைத்த மாதிரி அவனையும் நிற்க வைப்பார்கள் என்றேன். அவர் முகம் மலரும் என்று நினைத்தேன்.

பணியாரத்தைத் தட்டில் வைத்துவிட்டார்.

"நாளைக்கு காஸ் தொறக்கறாங்கன்னல்ல சொன்னே?"

"ஆமாங்க. ஒரு வாரம்தானே."

கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு சாமி படத்துக்குப் பின்னால் கையை விட்டு அந்த நோட்டை எடுத்தார். அது அங்கே இருப்பது அவருக்கு எப்படித் தெரிந்ததோ. செய்தித்தாளைப் பிரித்து, பக்கத்தைத் தேடாமலே திறந்தார். அத்தனை தடவை திறந்த பக்கம் போலிருக்கிறது.

"மாசி வெள்ளி, காலைல பத்து மணி, 4.0. உன்ற எழுத்து."

"ஆமாங்க."

"நீ அன்னைக்கு குண்டத்துல இருந்தே."

நான் பணியாரக் கல்லைப் பார்த்தேன்.

"நான் அன்னைக்கு கேஜைப் பாக்கலை வசந்தா. வரக்குள்ள பதினொண்ணு ஆயிப்போச்சு. நோட்டுல 4.0 இருந்துச்சு, குழாய் மேல கான்கிரீட்டும் போட்டிருந்துச்சு. நாச்சி முன்னாலயே பாத்துச் சொல்லி, நீ எழுதிக் குடுத்துட்டுப் போனாப்பல இருக்குதுன்னு நெனச்சேன். நாச்சி எனக்கு முந்தியே வந்து நோட்டைப் பாத்துட்டு, நான் கேஜைப் பாத்துட்டேன்னு நெனச்சு கான்கிரீட்டைப் போடச் சொல்லிட்டான். மரகதத்துக்கு ஆனதுக்கப்பறம்தான் ரெண்டு பேரும் கேட்டுக்கிட்டோம். நீ பாத்தியா, நீ பாத்தியான்னு."

"வியாழக்கிழமையே எழுதிட்டனுங்க." இதை நான்தான் சொன்னேன். என் குரல் மாதிரி இல்லை. "விடிஞ்சா பஸ் புடிக்கோணும். போற வழில வாட்ச்மேன்கிட்ட நோட்டைக் குடுத்துட்டுப் போயிட்டேன். மாறுனா அப்பறம் திருத்திக்கலாம்னு..."

"தெரியும்."

"அப்பறம் ஏனுங்க சொல்லலை?"

"ஜாயிண்ட் என்ற கைவேலைதானே. அதுல பொய் இல்ல. அப்படியே சொல்லிப்போடு, நோட்டைக் காட்டாதேன்னு நாந்தான் நாச்சிகிட்டச் சொன்னேன். வண்டியையும் நாந்தான் எடுத்துக்கச் சொன்னேன். உன்னைக் கொண்டுபோய் அந்த ஆபீஸ்ல நிறுத்தச் சொல்லறியா?"

நோட்டை என் முன்னால் வைத்துவிட்டு எழுந்து போனார். பணியாரம் பத்தும் அப்படியே இருக்கிறது.

கல்லில் பூசும்போது நான் சொன்ன வார்த்தையை ஒரு தடவை இங்கே எழுதிப் பார்க்கிறேன். காஸ் லைனைக் கெடுத்தது ஆரோ, அவங்களைக் கேளு தாயே.

பேர் சொல்லாதே என்று அந்த அம்மாள் முன்னமே சொன்னாள்.

பிப்ரவரி 5, புதன். தொண்ணூறாம் நாள்

ஒன்பதரைக்கே போய்விட்டேன். லேபில் பிரின்சிபால் அம்மா, இரண்டு டீச்சர்கள், நாச்சிமுத்து, மரகதம். மரகதம் தலையில் கனகாம்பரம். இடது கையில் லைட்டர். நாச்சிமுத்து சிலிண்டர் ஷெட்டுக்குப் போக சாவியோடு நின்றான். நோட்டைத் திறந்து கடைசி வரிசையைக் காட்டி என்னிடம் பேனாவைக் கொடுத்தார்கள்.

நான் எழுதினது: "நாலு மூச்சுத் துளைகளும் அடைபட்டிருக்கின்றன. காஸ் திறக்கக் கூடாது. அடைத்தது நாச்சிமுத்து. அடைக்க விட்டது நான். வசந்தாமணி."

பிரின்சிபால் அம்மா இரண்டு தடவை படித்தார்கள். "மூச்சுத் துளைன்னா என்ன?"

புத்தகத்தைப் பிரித்துப் பதினான்காம் பக்கத்தை மேஜையில் வைத்தேன். படித்துச் சொன்னேன். கட்டம் போட்ட வரியையும் சொன்னேன். அந்தப் பக்கத்தை மட்டும் நாச்சிமுத்துவுக்குப் படித்துக் காட்டவில்லை என்றேன். வேண்டுமென்றே என்றேன்.

நாச்சிமுத்து பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், படிக்கத் தெரிந்தவன் மாதிரி.

"நான் கேட்டனுங்களேக்கா," என்றான். "கையில எம்சீலை வெச்சுக்கிட்டு, வாயைத் தொறந்து கேட்டேன்."

"கேட்டே."

"நீங்க ஆம்பளையா இருந்திருந்தா இந்நேரம் அடிச்சிருப்பேன்."

அடித்திருக்கலாம். அவன் சாவியை மேஜையில் வீசிவிட்டு வெளியே போனான். சிறிது நேரத்தில் சம்மட்டிச் சத்தம் கேட்டது. நான் இரண்டு மாதமாக மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்த அதே சத்தம். அவன் பதித்த டைல்ஸை அவனே உடைத்தான். பிள்ளைகள் ஜன்னலில் நின்று பார்த்தன. எல்லாம் நான் கேட்டபடியே நடந்தது.

அடுத்ததையும் சொல்லிவிட வேண்டியிருந்தது. பையிலிருந்து பழைய நோட்டை எடுத்து மரகதம் முன்னால் வைத்தேன். வியாழக்கிழமையே எழுதின வெள்ளிக்கிழமையைக் காட்டினேன். யாரும் கேஜைப் பார்க்கவில்லை, என் எழுத்தைத்தான் பார்த்தார்கள் என்றேன்.

அவள் லைட்டரை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"இந்தக் கையைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுத்தான் ரெண்டு மாசமா புளிசாதம் தின்னீங்களாக்கா?"

பிரின்சிபால் அம்மா என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். இனிமேல் வர வேண்டாம் என்றும் சொன்னார்கள். வரும்போது நாச்சிமுத்து மூன்றாவது மேடையில் இருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

நாலு துளையும் திறந்து, முனையைக் கீழ்நோக்கி வளைத்து வலை கட்டிவிட்டானாம். இன்ஸ்பெக்டரைக் கையோடு காரில் கூட்டி வந்து காட்டி எழுதி வாங்கியிருக்கிறார்கள். தேர்வு நடந்தது. எங்கள் வீட்டுக்காரர் அங்கே போய் நாச்சிமுத்துவோடு நின்று வேலை செய்திருக்கிறார். எனக்குப் பால்காரர் சொல்லித்தான் தெரியும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

வேண்டுதல் நிறைவேறினால் எண்ணெய் கொண்டுபோய்த் தாயைக் குளிர வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பூசின காரம் தாய்மேல் நிற்கும் என்பார்கள். நிறைவேறாமல் என்ன, தாய் கேட்டுவிட்டாள். நல்லெண்ணெய் ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டு அதே 5.40 பஸ்.

ஆட்டுக்கல் பக்கம் கூட்டம். நடுவில் மரகதம் உட்கார்ந்திருந்தாள். மடியில் மிளகாய்ப் பொட்டலம். வலது கையால் குழவியைப் பிடிக்கப் பார்க்கிறாள், மடங்கின விரல் விரிய மாட்டேன் என்கிறது. இடது கையால் சுற்றினால் குழவி துள்ளுகிறது. மிளகாய் தெறித்து முகமெல்லாம்.

என்னைப் பார்த்தாள். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை.

"ரெண்டு வருசமா ஆரைச் சொல்லி அரைக்கறதுன்னு தெரியாம இருந்தனுங்கக்கா," என்றாள். "பேரைச் சொல்லலாமா?"

"பேரு சொல்லாத மரகதம். என்ன பண்ணுனாங்கன்னு மட்டும் சொல்லு."

எண்ணெய் பாட்டிலைப் பார்த்தாள். "அதைத் தொறக்காதீங்க. நான் பூசறதுக்கு முந்தி ஆத்தாளைக் குளுர வெச்சுப்போடாதீங்க. பத்திரமா வெச்சிருங்க, தொண்ணூறு நாள் கழிச்சு வேணும்."

பாட்டிலைப் பைக்குள் வைத்தேன். அவளுக்கு எதிரே உட்கார்ந்து குழவியை வாங்கிக்கொண்டேன். அவள் மிளகாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிட்டாள். கடை மிளகாய், நமுத்தது. என் வீட்டு மிளகாயாக இருந்தால் இன்னும் காரமாக இருக்கும் என்று தோன்றியது, சொல்லவில்லை.

"நைசா அரைங்க," என்றாள். "திப்பி நிக்கக் கூடாது."

நைசாக அரைத்தேன். வழித்து அவள் இடது கையில் கொடுத்தேன். அவள் கல்லில் பூசிக்கொண்டு முணுமுணுத்ததை நான் காது கொடுத்துக் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்து கையில் தயிர் தடவவில்லை. எரிகிறது.

முதல் நாள்.